சண்டிகேசுவரர் முன் விரித்த கைகள்

சிவாலயத்துக்குச் செல்லும் அன்பர்கள் எவரும் சண்டிகேசுவரர் சந்நிதியைத் தவிர்த்துவிட்டு வீடு திரும்புவதில்லை. மூலவரின் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகிக்கு அருகில், வடபுறத்தில், தெற்கு நோக்கித் தியானத்தில் அமர்ந்திருப்பார். சிலர் அவர்முன் பலமாகக் கை தட்டுவார்கள். சிலர் விரலைச் சொடுக்குவார்கள். இன்னும் சிலர் ஆடையிலிருந்து நூலைப் பிரித்துப் போட்டுவிட்டு வருவார்கள். இவை எதுவும் முறையன்று என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரு உள்ளங்கைகளையும் ஓசையின்றித் துடைத்து, விரித்துக் காட்ட வேண்டும். அதுவே முறை. "சுவாமி, சிவன் சொத்து எதையும் நான் எடுத்துச் செல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது அதன் பொருள்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்து அப்படிக் கைகளை விரித்துக் காட்டக் கற்றுக் கொடுத்தவர் என் தந்தையார். பள்ளி ஆசிரியர். நந்தவனத்தில் உதிர்ந்து கிடக்கும் பூவைக்கூட வீட்டுக்கு எடுத்து வர விடமாட்டார். அர்ச்சகர் கையால் கொடுத்தால் மட்டுமே அது பிரசாதம். நாமே எடுத்தால் அது களவு என்பார். அறுபது ஆண்டுகளாக நானும் அந்தச் சந்நிதியில் கைகளை விரித்துக் காட்டி வருகிறேன். அந்தக் கைகள் உண்மையிலேயே வெறுங்கைகள்தாமா என்ற ஐயம், பணி ஓய்வு பெற்ற பிறகே எனக்கு எழுந்தது. அந்த ஐயத்தின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தந்தையென்றும் பாராத தொண்டர்

சண்டேசுவர நாயனாரின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். சேய்ஞலூரில் எச்சதத்தன் என்பவருக்கு மகனாகப் பிறந்த விசாரசருமர், மண்ணியாற்றின் கரையில் பசுக்களை மேய்த்தார். அன்பு மிகுதியால் ஆத்தி மரத்தடியில் மணலால் இலிங்கம் அமைத்து, பசுக்கள் தாமே சொரிந்த பாலால் திருமஞ்சனம் செய்தார். பால் வீணாவதாக ஊரார் முறையிட, தந்தை வந்து பார்த்துச் சினங்கொண்டு பாற்குடத்தைக் காலால் இடறினார். பூசையில் ஒன்றியிருந்த மகன் அருகில் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாகி, இடறிய கால்களை வெட்டியது. இறைவன் தோன்றி, தாம் சூடிய கொன்றை மாலையை அந்தச் சிறுவருக்குச் சூட்டி, திருத்தொண்டர்க்கெல்லாம் தலைவராகும் சண்டீச பதத்தை அருளினார். கங்கைகொண்ட சோழபுரத்தில், இறைவன் தம் திருக்கரங்களால் அவர் தலையில் மாலையைச் சுற்றும் சிற்பத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த வரலாற்றைக் கேட்கும் இக்காலத்துப் பிள்ளைகள், "பெற்ற தந்தையை வெட்டுவது பக்தியா?" என்று கேட்பதுண்டு. நாம் கொள்ள வேண்டியது ஒன்றே. சிவனுக்கென்று வைத்ததை எவர் கெடுத்தாலும், அவர் தந்தையேயாயினும், அதைக் குற்றம் என்று சொல்லத் தயங்காத மனம் வேண்டும். அத்தகைய மனம் படைத்தவரைத்தான் இறைவன் தம் உடைமைகளுக்குக் காவலராக வைத்தார். சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். கோயிலுக்காக நிலம் வாங்குவது, விற்பது, கடன் கொடுப்பது ஆகிய நடவடிக்கைகள் சண்டேசுவரர் பெயரிலேயே நடந்தன. வங்கியில் 34 ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், நம் நாட்டின் மூத்த வங்கி மேலாளர் அவரே என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

யாருடைய காவல்?

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஒரு கணக்குப் புத்தகம் போன்றவை. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமோ என்று கேட்கலாம். மூத்தவை கழிய, குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்ப, எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. மூலதனத்தில் கை வைக்காமல் வருவாயை மட்டும் பயன்படுத்துவது என்று இன்று பாடம் நடத்துகிறோமே, அதை அன்று ஆட்டு மந்தையைக் கொண்டு நடத்தியிருக்கிறார்கள்.

பணமாகக் கொடுத்த கொடைகளும் அவ்வாறே. கோயிலின் காசுகளை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தின. நூற்றுக்குப் பன்னிரண்டரை. சூரிய சந்திரர் உள்ளவரை செலுத்துவோம் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இந்தச் சாசனங்களின் முடிவில் வரும் ஒரு தொடர்தான் நம் சிந்தனைக்கு உரியது. இந்தத் தருமம் 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று முடிப்பார்கள். திருமால் கோயில்களில் 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்று வரும். ரக்ஷை என்றால் காவல். கொடை கொடுத்தவர் மன்னராகவே இருந்தாலும், அந்தக் கொடையின் காவலைத் தம் சேனைக்கோ அதிகாரிகளுக்கோ விட்டுச் செல்லவில்லை. மாகேசுவரர் அனைவருக்கும், அதாவது சிவனடியார் கூட்டம் முழுமைக்கும் விட்டுச் சென்றார். இதைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் இருக்கட்டும் என்று முடிமன்னரும் எழுதி வைத்தனர். அந்தக் காவலர் வரிசையில் இன்று நிற்பவர்கள் நாமே.

அரசின்மேல் உள்ள குறை

'கோயிலை அரசு விட்டு வெளியேற வேண்டும்' என்பது இந்நாளில் அடிக்கடி எழும் முழக்கம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1817-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் மூலம் கோயில் சொத்துகளைத் தம் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார்கள். 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறங்காவலர்களிடமும் குழுக்களிடமும் திருப்பி விட்டது. 1920-களில் அறநிலைய வாரியம் அமைந்தது. விடுதலைக்குப் பின் 1951-ஆம் ஆண்டுச் சட்டமும், இன்று நடைமுறையில் உள்ள 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. சமயச் சார்பற்றது என்று தன்னைக் கூறிக்கொள்ளும் அரசு ஒரு சமயத்தாரின் ஆலயங்களை மட்டும் இந்த அளவுக்கு நிர்வகிப்பது முறையா என்ற கேள்வி எளிதில் ஓயாது. நிர்வாகக் குறையைத் தீர்ப்பதற்காக அரசு ஏற்கும் பொறுப்பு, குறை தீர்ந்ததும் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டியது. காலவரையின்றி நீடிக்கலாகாது என்று 2014-இல் சிதம்பரம் வழக்கில் உச்சநீதிமன்றமும் கூறியது. கட்டணம் செலுத்தியோர் ஒரு வழியிலும் ஏழை பக்தர் வேறு வழியிலுமாக இறைவனைக் காணும் நிலை என் மனத்துக்கும் உடன்பாடானதன்று.

அரசியல் கட்சிகளின் போக்கோ இன்னும் வருந்தத்தக்கது. கோயில் நிலத்தில் நெடுங்காலமாகக் குடியிருப்போருக்குப் பட்டா கொடுக்க வழிசெய்யும் அரசாணை ஒன்று 2019-இல் வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இவ்வகை எண்ணம் தோன்றிக்கொண்டேதான் இருக்கிறது. காரணம் எளிது. நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு வாக்கு உண்டு. நிலத்துக்கு உரியவரான இறைவனுக்கு வாக்கு இல்லை.

இதுவரை எழுதியதை வாசித்த அன்பர்கள் பலரும் தலையசைத்திருப்பீர்கள். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் மாலை நேரத்தில் பிராகாரத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வாக்குகளுக்கு உரியவர்கள் யார்? தமிழகத்தில் அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் ஏறத்தாழ 4,78,000 ஏக்கர் நிலம் உண்டு என்பது துறை தரும் கணக்கு. அந்த நிலத்தில் பயிர் செய்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீடு கட்டி வாழ்பவர்கள் எல்லாரும் நாத்திகர்களா? பெரும்பாலோர் நெற்றியில் நீறு பூசியவர்கள், நாமம் தரித்தவர்கள், நம் வரிசையில் நின்று தரிசனம் செய்பவர்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

காவிரிக் கரையில் உள்ள எங்கள் ஊரில், சிவன் கோயிலின் வடக்கு வீதியில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. வீடு எங்களுடையது, அடிமனை கோயிலுடையது. வீதி முழுவதுமே அப்படித்தான். 2,400 சதுர அடி மனைக்கு மாதம் 45 ரூபாய் என்று 1985-இல் வாடகை நிர்ணயித்தார்கள். என் தந்தையார் ஒழுங்காகச் செலுத்தி வந்தார். 1994-இல் வாடகையை உயர்த்தப் போவதாகச் செய்தி வந்தபோது வீதியில் சங்கம் ஒன்று அமைந்தது. யாரும் கட்ட வேண்டாம் என்று சங்கம் தீர்மானித்தது. ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்று எண்ணிய தந்தையாரும் அந்த ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டார். கோயில் அலுவலகத்திலும் யாரும் வந்து கேட்கவில்லை. 2003 மார்ச்சில் தந்தையார் சிவபதம் அடைந்தார். அதன் பிறகு வாடகையை நினைத்தவர்கூட இல்லை.

2022-இல் அறிவிப்பு வந்தது. 2016 ஜூலை முதல் மாதம் 1,200 ரூபாய் என்று நியாய வாடகை நிர்ணயித்திருந்தார்கள். சங்கம் மீண்டும் கூடியது. வழக்குச் செலவுக்கு வீட்டுக்கு 25,000 ரூபாய் என்று முடிவாயிற்று. என் பங்கையும் எழுதிக்கொண்டார்கள். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய பழக்கம் விடவில்லை; ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

1994 ஏப்ரல் முதல் 2016 ஜூன் வரை 267 மாதங்கள். 45 ரூபாய் வீதம் 12,015. அதன் பின் 2022 மார்ச் வரை 69 மாதங்கள். 1,200 வீதம் 82,800. ஆக மொத்தம் 94,815 ரூபாய்.

தாளின் மறுபக்கத்தில் இன்னொரு கணக்கையும் எழுதினேன். எங்கள் வீட்டு மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாதம் 7,000 ரூபாய். ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் உயர்த்துகிறோம். ஒரு மாதம் தாமதமானால் தொலைபேசியில் கேட்கிறோம். பங்குனி உற்சவத்தில் ஒரு நாள் மண்டகப்படி எங்கள் குடும்பத்தினுடையது. அதற்கு ஆண்டுதோறும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவாகிறது. அழைப்பிதழில் எங்கள் பெயர் அச்சாகிறது. குருக்கள் பரிவட்டம் கட்டுகிறார். பெயர் வரும் செலவுக்குத் தயங்காத நாங்கள், பெயர் வராத கடனுக்கு 28 ஆண்டுகளாக ஒரு ரூபாயும் தரவில்லை.

வங்கியில் இருந்தபோது பயிர்க்கடன் நிலுவைக்காகச் சிறு விவசாயிகளின் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். நகைக்கடன் திரும்பாதபோது ஏல அறிவிப்பில் கையொப்பமிட்டிருக்கிறேன். அந்தக் கணக்குகளில் ஒன்றாக எங்கள் வீட்டுக் கணக்கு என் மேசைக்கு வந்திருந்தால், வாராக்கடன் என்று எழுதியிருப்பேன். கட்ட வசதியிருந்தும் கட்டாதவர் என்று குறிப்பும் சேர்த்திருப்பேன்.

அம்மாவின் கேள்வி

மறுநாள் தம்பியிடம் பேசினேன். "அண்ணே, ஊரே கட்டல. நாம மட்டும் கட்டினா கேஸே நிக்காது. காட்டிக் கொடுத்துட்டான்னு சொல்லுவாங்க" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த வீதியில் பிறந்தவர்கள்தாம் எங்கள் வீட்டுத் திருமணங்களுக்கும் இழவுகளுக்கும் வந்து நின்றவர்கள்.

என் தாயாருக்கு அப்போது 87 வயது. ஊஞ்சலில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பாவைத் திருடன்னு சொல்ல வந்தியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உதிர்ந்த பூவைத் தொடாதவரை எப்படிக் கள்வர் என்பேன்? ஆனால் கணக்குத் தாளில் அவர் காலத்து நிலுவையும் இருந்தது. ஊர் வழக்கம் என்ற ஒரு சொல், அவ்வளவு நேர்மையான மனிதரின் கண்ணையும் மறைத்துவிட்டது. குற்றத்தைக் கூட்டமாகச் செய்தால் அது வழக்கம் ஆகிவிடுகிறது. பொது வாழ்வில் இன்று நாம் காணும் ஒழுக்கக் கேடுகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. கையூட்டு வாங்குபவரும் "எல்லாரும் வாங்குகிறார்கள்" என்றே சொல்கிறார்.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னை அழைத்தார். "அப்பா இருந்த வரைக்கும் எவ்வளவு?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகள், 108 மாதங்கள், 4,860 ரூபாய் என்றேன். தம் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். தந்தையாரின் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து சேர்த்தது. "இது அவரோட பணம். அவர் கடனை அவரே கட்டட்டும். மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க" என்றார்.

மறுப்புகளும் விடைகளும்

சங்கத்தாரிடம் என் முடிவைச் சொன்னபோது எழுந்த மறுப்புகள், இதை வாசிக்கும் அன்பர்கள் சிலருக்கும் தோன்றக்கூடியவை. ஆதலால் அவற்றை இங்கே குறிப்பிடுகிறேன்.

"நாம் கட்டும் பணம் சுவாமிக்கா போகிறது? துறைக்குத்தானே போகிறது!" என்றார் ஒருவர். கோயிலின் வருவாயிலிருந்து நிர்வாகப் பங்களிப்பாக 12 விழுக்காடு வரையிலும், தணிக்கைக் கட்டணமாக 4 விழுக்காடு வரையிலும் பெறச் சட்டம் இடமளிக்கிறது. இது மிகையா என்று தாராளமாக வாதிடலாம். ஆனால் மீதி, கோயிலின் கணக்கிலேயே வரவாகிறது. அன்றியும், வங்கி மேலாளர் நேர்மையற்றவர் என்பதற்காக வாங்கிய கடனைக் கட்ட வேண்டாம் என்று எந்த நீதி நூலும் சொல்லவில்லை. காவலர் தவறினால் அவர்மேல் வழக்குத் தொடுப்போம். ஆயின், வாடகை செலுத்திய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு வலிமை உண்டு.

"மூன்று தலைமுறையாக அனுபவித்து வருகிறோம், இனி அது நம்முடையதுதான்" என்றார் இன்னொருவர். மனிதருக்குள் நிகழும் சொத்து வழக்குகளில் நெடுங்கால அனுபவத்தால் உரிமை கோர முடியும். இறைவன் சொத்தில் அது செல்லாது. கோயிலின் அசையாச் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறை பொருந்தாது என்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவின் சாரம். சூரிய சந்திரர் உள்ளவரை என்று கல்லில் வெட்டியதன் கருத்தையே இச்சட்டமும் தன் மொழியில் கூறுகிறது.

ஏன் இப்படி? சட்டத்தின் பார்வையில் கோயில் மூர்த்தி உரிமைகள் உள்ள ஒருவர். ஆனால் தம் காரியத்தைத் தாமே பேச இயலாத குழந்தையின் நிலையில் இருப்பவர். தெய்வத் திருமேனிக்குச் சட்டத்தில் ஆளுமை உண்டு என்பதை லண்டன் பிரிவி கவுன்சில் 1925-லேயே உறுதி செய்தது. பத்தூர் நடராசரின் வரலாறு இன்னும் வியப்பானது. 1976-இல் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட அத்திருமேனி, பல கை மாறிக் கடல் கடந்து லண்டனுக்குச் சென்றது. அங்கே நடந்த வழக்கில், சிதைந்து கிடந்த பத்தூர் விசுவநாதர் கோயிலே உரிமை கோர வல்லது என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991-இல் நடராசர் தாயகம் திரும்பினார். அயல்நாட்டு நீதிபதிகள் மதித்த உரிமையை, அதே இறைவனின் வீதியில் குடியிருக்கும் நாம் மதிக்க மறுக்கலாமா? பேச இயலாத குழந்தையின் சொத்தில் குடியிருந்துகொண்டு வாடகை தராதவரை நம் குடும்பங்களில் என்ன சொல்லி ஏசுவோம் என்று நினைத்துப் பாருங்கள்.

"உயர்த்திய வாடகை அநியாயம்" என்பது மூன்றாவது மறுப்பு. சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். ஓட்டு வீட்டில் வாழும் விதவைக்கும், மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவருக்கும் ஒரே அளவுகோல் என்றால் அது அறமாகாது. சதுர அடி மட்டும் பார்க்கும் கணக்கில் கருணைக்கு இடம் குறைவு. இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 34-அ பிரிவின்படி, இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அடங்கிய குழு நியாய வாடகையை நிர்ணயிக்கிறது. மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை அது திருத்தப்படலாம். உடன்பாடில்லை என்றால் முப்பது நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். உயர்த்திய தொகையைப் பற்றி வழக்காடுவது உரிமை. ஆனால் நாமே ஒப்புக்கொண்ட பழைய 45 ரூபாயையும் தராமல் இருந்தோமே, அதற்கு எந்த நியாயம் துணை வரும்?

சிறு கோயில்களின் நிலை

பெரிய கோயில்களின் உண்டியல் எண்ணிக்கைச் செய்தியைப் பார்த்து, கோயில்களில் பணம் குவிந்து கிடப்பதாக எண்ணுகிறோம். கிராமத்துக் கோயில்களின் நிலை வேறு. ஒருகால பூஜை நடத்தவே பல்லாயிரம் கோயில்களுக்கு வைப்புநிதியின் துணை தேவைப்படுகிறது. ஒரு கோயிலுக்கு 2 லட்சம் ரூபாய் வைப்புநிதி, வட்டி 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12,000, மாதம் 1,000 ரூபாய். எண்ணெய், திரி, அரிசி, பூ எல்லாம் அதற்குள். நாளொன்றுக்கு 33 ரூபாயில் ஈசனுக்கு நைவேத்தியம்! அதே கோயிலுக்குச் சில ஏக்கர் நன்செய் இருக்கும். குத்தகை பல ஆண்டுகளாக நிலுவையில் இருக்கும். எங்கள் ஊர்க் கோயிலிலும் வெளிப் பிராகாரத்தில் மாலையில் பாதி விளக்குகள் எரிவதில்லை. ஓதுவார் இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்தன. "நிதி இல்லை" என்று சொல்லும்போது நாங்கள் அரசைத் திட்டினோம். அந்த நிதியில் ஒரு பகுதி எங்கள் வீதியிலேயே இருந்தது.

கோயில்களைப் பாதுகாப்பது பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் 75 கட்டளைகள் அடங்கிய விரிவான தீர்ப்பை வழங்கியது. அதைப் பாராட்டிப் பேசாத பக்தர் இல்லை. நீதிமன்றம் எழுபத்தைந்து சொன்னாலும் நூறு சொன்னாலும், வீட்டுக்குள் நாம் எடுக்க வேண்டிய முடிவை அது நமக்காக எடுத்துத் தர முடியாது.

நாம் செய்யக் கூடியவை

என் வயதொத்த அன்பர்களுக்குச் சில விண்ணப்பங்கள். முதலாவதாக, உங்கள் வீட்டுப் பத்திரங்களை ஒரு நாள் அமர்ந்து வாசியுங்கள். மனை, தோட்டம், கடை எதுவாயினும் அது கோயிலுடையதா என்று சர்வே எண்ணைக் கொண்டு பாருங்கள். கோயில் நிலங்களின் ஆவணங்கள் 2021 முதல் அறநிலையத் துறையின் இணையதளத்தில் வெளியிடப்பட்டு வருகின்றன. பேரப்பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

இரண்டாவதாக, நிலுவை இருந்தால் கணக்கிட்டு, எழுத்து மூலம் கோயிலுக்குத் தெரிவித்துச் செலுத்துங்கள். மொத்தமாக இயலாவிட்டால் தவணை கேளுங்கள். எந்தத் தொகைக்கும் ரசீது பெறாமல் வராதீர்கள். மூன்றாவதாக, உயில் எழுதும்போது கோயில் மனையை 'என் சொந்தச் சொத்து' என்று எழுதாதீர்கள். பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுச் செல்கிறோம். பொய்யையும் சேர்த்து விட்டுச் செல்ல வேண்டாம். நான்காவதாக, செலுத்திய பின்பு கேள்வி கேளுங்கள். விளக்கு ஏன் எரியவில்லை, குத்தகைப் பாக்கி எவ்வளவு, அறங்காவலர் ஏன் நியமிக்கப்படவில்லை என்று மனு எழுதுங்கள். அரசைத் தட்டிக் கேட்கும் உரிமை அப்போது முழுமையாக நமக்கு உண்டு.

'சிவன் சொத்து குலநாசம்' என்று நம் முன்னோர் சொன்னார்கள். அதை வெறும் சாபமாக நான் கொள்ளவில்லை. கோயில் சொத்தை உண்டு பழகிய வீட்டில், எதையும் உண்ணலாம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. குலம் கெடுவதற்கு அதுவே போதும்.

ரசீது

94,815 ரூபாயையும் செலுத்தினோம். அம்மாவின் 4,860 போக, மீதியில் பெரும்பங்கு என்னுடையது. தம்பி சில மாதங்கள் மனத்தாங்கலோடு இருந்து, பின்பு தன் பங்கைக் கொடுத்தான். மேல்முறையீடு செய்யலாமா என்று யோசித்தோம். மாடி வாடகையை நினைத்து விட்டுவிட்டோம். சங்கத்தில் சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

ரசீதை வாங்கிக்கொண்டு நேரே சந்நிதிக்குச் சென்றேன். பிராகாரம் சுற்றிச் சண்டிகேசுவரர் முன் நின்றபோது, அறுபது ஆண்டுப் பழக்கத்தில் கைகள் தாமாக விரிந்தன. ஒரு கையில் ரசீது இருந்தது. அதை அவர் பார்க்கட்டும் என்று சற்று நேரம் அப்படியே நின்றேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் வீதியில் கடைசி வீட்டுக்காரர் வந்தார். சங்கக் கூட்டத்தில் என்னை மிகக் கடுமையாகப் பேசியவர் அவர். திண்ணையில் அமர்ந்து மோர் அருந்தினார். பிறகு மடியிலிருந்து நூல் கட்டிய பழைய ரசீதுக் கட்டு ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். "எங்க அப்பா கடைசியா எந்த மாசம் கட்டியிருக்கார்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார். இருவரும் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினோம்.